மூடியிட்ட கண்ணாடிக்குள் பனி

2025-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 7-ந் தேதி இரவு நாம் தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமத்தில் இருந்தோம். அன்று பூரண சந்திர கிரகணம். அவ்வூர்ப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர், அலமாரியில் வெகு நாளாய் உறங்கிக்கொண்டிருந்த டெலஸ்கோப் என்னும் தூரதர்சினியை வெளியே எடுத்து, குளக்கரையை அடுத்த மைதானத்தில் முக்காலியின்மேல் ஏற்றி வைத்திருந்தார். ஊரே திரண்டு வந்திருந்தது. குழந்தைகள் ஒரு வரிசை, ஸ்திரீகள் ஒரு வரிசை, பெரியவர்கள் வரிசை என்று ஒன்றும் இல்லாமல் இங்குமங்கும் நின்றார்கள்.

இரவு 9 மணி 57 நிமிஷத்துக்குப் பூமியின் நிழல் சந்திரனைத் தொட்டது. முதலில் பார்த்தவர்கள் பெற்ற ஆனந்தத்துக்கு அளவில்லை. சந்திரனிலுள்ள பள்ளங்களும் மேடுகளும் கைக்கு எட்டும்போல் தெரிந்தன. பத்தரை மணி சுமாருக்குக் கண்ணை வைத்துப் பார்த்த ஒரு பெரியவர், "கிரகணம் முற்றிவிட்டது, எல்லாம் ஒரே புகை!" என்று அறிவித்தார். நாம் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தோம். அங்கே சந்திரன் பாதிக்குமேல் பளிச்சென்று பிரகாசித்துக்கொண்டிருந்தது! கிரகணம் பிடித்தது சந்திரனை அல்ல, தூரதர்சினியை என்பது அப்போதுதான் விளங்கிற்று. முன்புறத்து லென்ஸ் முழுவதும் பனி படர்ந்து வெளுத்துப் போயிருந்தது.

உதவிக்கு ஆட்கள் குறைவா? ஒருவர் தம் மேல்துண்டின் நுனியால் லென்ஸை அழுத்தித் துடைத்தார். ஐந்து நிமிஷம் தெளிவாயிருந்தது, மறுபடியும் படர்ந்தது. மற்றொருவர் துடைத்தார், மறுபடியும் படர்ந்தது. பதினொரு மணிக்குச் சந்திரன் முழுவதும் மறைந்து செம்பு நிறம் அடைந்த அற்புத வேளையில், வரிசையில் நின்ற குழந்தைகளில் பாதிப்பேர் புகையைத்தான் பார்த்தார்கள். நள்ளிரவுக்குமேல் ஆசிரியர் மன வருத்தத்துடன் மூடியைப் போட்டுத் தூரதர்சினியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

கார்த்திகை மாதத்தில் நாம் மறுபடியும் அவ்வூருக்குப் போனபோது பெட்டி திறக்கப்பட்டது. லென்ஸின் வெளிப்புறம் உலர்ந்திருந்தது. ஆனால் உட்புறத்திலே, துணி எட்டாத இடத்தில், மெல்லிய மங்கலும், அதன் நடுவே சிலந்தி நூல் போன்ற இழைகளும் காணப்பட்டன. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியரைக் கேட்டாள்: "மூடிதான் போட்டு வைத்தோமே, ஸார். உள்ளே எப்படி ஸார் தண்ணீர் போயிற்று?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொருட்டே இதை எழுதுகிறோம். இப்போது நம் நாட்டில் எத்தனையோ வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் சிறு தூரதர்சினிகள் வந்துவிட்டன. அவை உடைந்து கெடுவதைக் காட்டிலும் ஈரத்தினால் கெடுவதே அதிகம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பனி பெய்கிறதா?

நம் பேச்சில் பனி 'பெய்கிறது' என்கிறோம். மழையைப்போல் அது மேலேயிருந்து விழுகிறது என்ற எண்ணம் அந்த வார்த்தைக்குள் அடங்கியிருக்கிறது. உண்மை வேறு. பனி விழுவதில்லை, குளிர்ந்த பொருளின்மேல் அந்த இடத்திலேயே உண்டாகிறது.

இதைத் தெளிவாக நிரூபித்தவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் வைத்தியர். அமெரிக்காவில் சார்லஸ்டன் நகரத்தில் 1757-ல் பிறந்து லண்டனில் தொழில் செய்தவர். இரவு நேரங்களில் ஒரு தோட்டத்தில் விழித்திருந்து, சம எடையுள்ள கம்பளிப் பஞ்சுகளை ஒரு பலகையின் மேலும் கீழும் வைத்து, விடியுமுன் நிறுத்துப் பார்த்தார். திறந்த ஆகாயத்தைப் பார்த்த பஞ்சு மிகுதியாக நனைந்திருந்தது. பலகைக்கு அடியில் இருந்தது சிறிதே நனைந்திருந்தது. இத்தகைய சோதனைகளைத் திரட்டி 1814-ல் பனியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக ராயல் சங்கத்தார் அவருக்கு ரம்போர்டு பதக்கம் அளித்தார்கள்.

அவர் கண்ட உண்மை இதுதான். உலகிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன் உஷ்ணத்தைக் கண்ணுக்குப் புலப்படாத கிரணங்களாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. பகலில் சூரியன் அதைவிட அதிகமாகத் திருப்பித் தருகிறான். இரவில் மேகம் மூடியிருந்தால் மேகமும் ஓரளவு திருப்பித் தருகிறது. தெளிந்த ஆகாயமோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு கொஞ்சமே திருப்பித் தரும் கடன்காரன். ஆகவே திறந்த வெளியில் கிடக்கும் பொருள், தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள நீராவி அதன்மேல் பட்டுத் துளியாகிறது.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. கயிற்றுக் கட்டிலை வேப்பமரத்தடியில் போட்டுப் படுத்தவன் உலர்ந்த போர்வையோடு எழுந்திருப்பான். முற்றத்தில் போட்டுப் படுத்தவன் ஈரப் போர்வையோடு எழுந்திருப்பான். மரம் பனியைத் தடுத்து நிறுத்தவில்லை. ஆகாயத்தை மறைத்துப் போர்வை குளிராமல் காத்தது. அவ்வளவே.

இப்பொழுது தூரதர்சினியை யோசித்துப் பாருங்கள். அதன் வேலையே இரவு முழுவதும் தெளிந்த ஆகாயத்தை நேருக்கு நேராகப் பார்ப்பதுதான். நட்சத்திரம் பார்க்க எந்த இரவு நல்லதோ, அதே இரவுதான் பனிக்கும் நல்லது.

மூன்று டிகிரிக் கணக்கு

காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. உஷ்ணம் மிகுந்தால் எல்லை விரியும், குறைந்தால் சுருங்கும். 30 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராமுக்குச் சற்று மேல், 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

நம் கிராமத்து இரவை எடுத்துக்கொள்வோம். காற்றின் உஷ்ணம் 26 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 85 என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டரில் சுமார் 20½ கிராம் நீராவி இருக்கும். அவ்வளவு நீராவியை 23 டிகிரிக்குக் கீழே காற்றால் தாங்க முடியாது. அதாவது, லென்ஸ் வெறும் மூன்று டிகிரி குளிர்ந்தால் போதும், பனி பிடித்துவிடும். நீர் நிறைந்த வயலும் குளமும் சூழ்ந்த இடத்தில், திறந்த வானத்தின்கீழ் வைத்த கண்ணாடிக்கு மூன்று டிகிரி குளிர ஒரு மணி நேரம்கூட வேண்டியதில்லை.

பட்டணவாசிகளுக்கு வேறு விதமான ஆபத்து உண்டு. ஏர்கண்டிஷன் செய்த அறையில் 22 டிகிரியில் இருந்த தூரதர்சினியை, 30 டிகிரியும் நிறைந்த ஈரமும் உள்ள மாடிக்குத் திடீரென்று கொண்டுபோனால், பனிக்காக இரவுவரை காத்திருக்க வேண்டாம்; அரை நிமிஷத்தில் லென்ஸ் வியர்த்துவிடும். மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் குளிர்ந்த அறையிலிருந்து வெளியே வரும்போது படும் அவஸ்தையும் இதுவே. இதற்குப் பரிகாரம் எளிது. தூரதர்சினியை அதன் பெட்டியோடு, பெட்டியைத் திறக்காமல், ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்துவிட வேண்டும். வெளி உஷ்ணம் மெல்லப் பெட்டிக்குள் ஏறிய பிறகு திறந்தால் கண்ணாடி வியர்க்காது.

லென்ஸுக்கு ஒரு வேப்பமரம்

வானத்தைப் பார்த்தும் ஆக வேண்டும், குளிராமலும் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? பார்க்கும் திசையைத் தவிர மற்ற ஆகாயத்தையெல்லாம் மறைத்துவிட வேண்டும். இதற்காக லென்ஸுக்கு முன்னே ஒரு குழாயை நீட்டிவிடுவார்கள். பனிக்குல்லாய் என்று சொல்லலாம். தடித்த கறுப்புக் காகிதத்தையோ, பாய்போல் சுருட்டக்கூடிய மெல்லிய ரப்பர்த் தகட்டையோ குழாயாகச் சுருட்டி வீட்டிலேயே செய்துவிடலாம். நீளம் லென்ஸின் அகலத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 70 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 10 முதல் 14 சென்டிமீட்டர் நீளமுள்ள குல்லாய் போதும். முற்றத்துக் கட்டிலுக்கு வேப்பமரம் எப்படியோ, அப்படியே லென்ஸுக்கு இந்தக் குல்லாய்.

குல்லாய் பனியைத் தாமதப்படுத்தும். ஈரம் மிகுந்த இரவில் முற்றிலும் தடுத்துவிடாது. அப்போது லென்ஸின் விளிம்பைச் சுற்றி இளஞ்சூடு தரும் பட்டை ஒன்றைக் கட்டுகிறார்கள். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சில வாட் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். லென்ஸைக் காற்றைவிட ஓரிரு டிகிரி அதிகச் சூட்டில் வைத்தால் போதுமானது. மிகுதியாகச் சூடேற்றினால், அடுப்பின் மேலுள்ள காற்று அலைவதுபோல் உருவங்கள் நடுங்கும்.

ஒன்றும் இல்லாதவர்கள் தலைமயிர் உலர்த்தும் மின்சார ஊதியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு முழத் தூரத்திலிருந்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டிக் காட்டலாம். பனி ஆவியாகிப் போய்விடும். சற்று நேரம் கழித்து மீண்டும் படரும். மீண்டும் காட்ட வேண்டியதுதான்.

துடைப்பது மட்டும் கூடவே கூடாது. பனியோடு தூசியும் லென்ஸின்மேல் ஒட்டியிருக்கிறது. மேல்துண்டால் துடைக்கும்போது அந்தத் தூசி மணல் தாளைப்போல் தேய்க்கிறது. இக்காலத்து லென்ஸ்களில் வெளிச்சம் வீணாய்த் திரும்பிப் போகாதபடி மக்னீஷியம் புளோரைடு முதலிய பூச்சுகள் பூசியிருக்கும். அந்தப் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பதினாயிரத்தில் ஒரு பங்கு. அன்றிரவு உதவிக்கு வந்த மேல்துண்டுகள் விட்டுச் சென்ற கீறல்கள், அந்தப் பள்ளிக்கூடத்து லென்ஸில் இன்னும் இருக்கின்றன.

மாணவியின் கேள்வி

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். மூடி போட்டிருந்தும் உள்ளே தண்ணீர் எப்படிப் போயிற்று?

மூடி போட்டதனால்தான் போயிற்று!

தூரதர்சினியின் முன் லென்ஸ் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும், பெரும்பாலும் இரண்டு கண்ணாடிகள் சேர்ந்தது. நிறங்கள் சிதறாமல் ஒன்றுகூடும் பொருட்டு, இரு வேறு இனக் கண்ணாடிகளைச் சேர்த்து அமைக்கிறார்கள். பலவற்றில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி உண்டு. பனி நனைந்த லென்ஸை அப்படியே மூடிப் பெட்டியில் வைத்தால், அந்த நீர் ஆவியாகும். ஆனால் வெளியே போக வழியிராது. மூடிக்குள்ளும், குழாய்க்குள்ளும், கண்ணாடிகளின் இடைவெளிக்குள்ளும் புகுந்து தங்கும். மறுநாள் இரவு குளிர்ந்ததும் உள்ளேயே மீண்டும் துளியாகும்.

மற்றொரு வழியும் உண்டு. தூரதர்சினியின் குழாய் மூச்சு விடுகிறது. பகலில் உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து, திருகுகளின் இடுக்குகள் வழியாக வெளியேறுகிறது. இரவில் சுருங்கி, வெளியிலுள்ள ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. மூடி தூசியைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது.

எனவே, பார்த்து முடிந்தவுடன் மூடக் கூடாது. வீட்டுக்குள் கொண்டுவந்து, மேலே சுத்தமான மெல்லிய துணியைப் போர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் விடியும்வரை வைத்து, நன்றாய் உலர்ந்த பிறகே மூடியிட வேண்டும். உலர்த்துவதாக எண்ணி வெயிலில் வைப்பது விபரீதம். சூரியனை நோக்கிவிட்ட லென்ஸ் தீ மூட்டும். அதன் வழியே பார்த்த கண் குருடாகும்.

உள்ளே ஏற்கெனவே மங்கல் தோன்றியிருந்தால் அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றாதீர்கள். இரண்டு கண்ணாடிகளும் எந்த முகம் எந்தப் பக்கம், எந்த அளவு திருப்பிய நிலை என்று பார்த்துப் பொருத்தப்பட்டவை. பிரித்தவன் முன்போல் சேர்க்கத் தவறினால், நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாமல் வால் முளைத்துத் தெரியும். கண் வைக்கும் பகுதியைக் கழற்றிவிட்டு, காற்றுப் புகாத ஒரு பெரிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லுடன் தூரதர்சினியைச் சில நாள் வைத்தால், புதிதாய்ப் புகுந்த ஈரம் பெரும்பாலும் போய்விடும். பொறுமைதான் மருந்து.

கண்ணாடியைத் தின்னும் பூஞ்சை

ஈரம் மட்டுமாயிருந்தால் உலர்த்திவிடலாம். ஈரத்தின் பின்னால் பூஞ்சை வருகிறது. இருட்டும், அசையாத காற்றும், நூற்றுக்கு 70-க்கு மேற்பட்ட ஈரப்பதமும் அதற்குச் சொர்க்க லோகம். தூசியிலும், விரல் பட்ட எண்ணெய்ப் பசையிலும் அது வேர்விட்டு, சிலந்தி நூல்போல் படரும். அது கக்கும் அமிலம் முதலில் பூச்சை அரித்து, பிறகு கண்ணாடியையே அரிக்கும். ஆரம்பத்தில் கண்டால் திறமைசாலி ஒருவரைக் கொண்டு சுத்தம் செய்துவிடலாம். முற்றிவிட்டால் பூஞ்சை போன பிறகும் தழும்பு போகாது.

நம் வீடுகளில் வழங்கும் சில கைவைத்தியங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரிசிப் பானைக்குள் வைத்தால் ஈரம் போகும் என்பார்கள். அரிசி உறிஞ்சும் ஈரம் கொஞ்சம். கொடுக்கும் தூசியும் மாவும் அதிகம். அது பூஞ்சைக்கு விருந்து. பாச்சை உருண்டை போட்டால் அதன் ஆவி லென்ஸின்மேல் படியக்கூடும். தோலுறையும் வெல்வெட்டுப் பெட்டியும் பார்வைக்கு அழகு. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சையை வளர்ப்பவையும் அவையே.

சிலிகா ஜெல்தான் நம்பத்தகுந்தது. நீல நிறமுள்ள வகை ஈரத்தை உறிஞ்சியதும் இளஞ்சிவப்பாக மாறும். அதில் கலந்துள்ள கோபால்ட் உப்பு உடம்புக்கு ஆகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு நிறமுள்ள வகையே மேல். நிறம் மாறியதைச் சமையலுக்கு உபயோகிக்காத ஓர் இரும்புத் தட்டில் பரப்பி, சுமார் 120 டிகிரிச் சூட்டில் ஓரிரு மணி நேரம் வைத்தால், ஈரம் நீங்கி மறுபடியும் பயன்படும். டப்பாவுக்குள் ஈரமானி ஒன்றையும் போட்டு வையுங்கள். அது 40-க்கும் 50-க்கும் இடையே காட்டினால் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் வாரம் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

ஈரத்தோடு போராடிய பெரியோர்

சிறு தூரதர்சினிக்கு மட்டும் நேர்ந்த கஷ்டம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் 1789-ல் முடித்த நாற்பதடி நீளமுள்ள தூரதர்சினியில், செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகக் கண்ணாடியே பொருத்தப்பட்டிருந்தது. ஈரக் காற்றில் அது மங்கிப் போகும். கழற்றி மெருகிட வேண்டும். ஆகையால் ஒன்று மெருகுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ள இரண்டாவது கண்ணாடி ஒன்றையும் அவர் செய்து வைத்திருந்தார்.

நம் நாட்டில் 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் எழுந்தது. கடற்காற்று வீசும் அந்தப் பட்டணத்திலே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்ததைப் பற்றி நம் ஜனங்கள் அறியும் பொருட்டுச் சிறு நூலும் எழுதினார்.

வங்காளத்தில் ஜெஸ்ஸூரில் கஜானா உத்தியோகஸ்தராயிருந்த ராதாகோவிந்த சந்திரரின் சரித்திரம் இன்னும் அதிசயமானது. நதிகளும் குட்டைகளும் நிறைந்த அந்த ஈர நாட்டில், பகலெல்லாம் பணம் எண்ணிவிட்டு இரவெல்லாம் நட்சத்திரம் எண்ணியவர் அவர். மூன்று அங்குல லென்ஸுடன் தொடங்கிய அவருக்கு, ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கவனிக்கும் அமெரிக்கச் சங்கத்தார் 1926-ல் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தூரதர்சினியை அனுப்பிவைத்தார்கள். தம் ஆயுளில் 37,000-க்கு மேற்பட்ட கணிப்புகளை அவர் எழுதி வைத்தார். அந்தத் தூரதர்சினி பின்னர் வேணு பாப்புவிடம் வந்து, நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரை அடைந்தது.

அதே காவலூரில் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரிய தூரதர்சினி நிற்கிறது. அந்தக் கண்ணாடி பெங்களூரில் நம்மவர் கைகளாலேயே கடைந்து மெருகிடப்பட்டது. 1982-ல் காலமான வேணு பாப்பு அது முடிவு பெற்றதைக் காணவில்லை. 1986-ல் திறக்கப்பட்டபோது அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அங்கும் காற்றில் ஈரம் எல்லை மீறினால் வானத்தைப் பார்ப்பதை நிறுத்திக் கூரையை மூடிவிடத்தான் வேண்டும். நம் விஞ்ஞானிகள் லடாக்கிலுள்ள ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் மற்றொரு நிலையம் கட்டியதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, அங்குள்ள காற்றின் வறட்சியே.

மலை உச்சிக்குப் போக முடியாதவர்கள் என்ன செய்வது? கறுப்புக் காகிதக் குல்லாயும், ஒரு டப்பாவும், ஒரு பிடி சிலிகா ஜெல்லும் போதும்.

மார்கழியில்

அந்தப் பள்ளிக்கூடத்துத் தூரதர்சினியைச் சென்னையில் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்துப் பூஞ்சையை நீக்கினோம். ஓரத்தில் இரண்டு தழும்புகள் நின்றுவிட்டன. ஆசிரியர் குழந்தைகளைக் கொண்டே பனிக்குல்லாய் செய்வித்தார். 2026 ஜனவரியில், வியாழன் நமக்கு நேர் எதிரே வந்து இரவு முழுவதும் பிரகாசித்த நாட்களில், மறுபடியும் குளக்கரை மைதானத்தில் கூடினோம். மார்கழிப் பனியில் புல்லும் முக்காலியின் கால்களும் நனைந்தன. லென்ஸ் மட்டும் உலர்ந்திருந்தது. வியாழனும் அதன் நான்கு சந்திரர்களும் வரிசையாய்த் தெரிந்தன.

பதினொரு மணிக்கு எல்லோரும் கலைந்தபோது, பழக்க தோஷத்தால் ஒரு பையன் மூடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். கேள்வி கேட்ட அந்தப் பெண் அவன் கையைத் தடுத்து, "இப்போது போடாதே, காலையில் நான் போடுகிறேன்" என்றாள்.